வெட்டியவன் பேர் எங்கே?

தாமிரபரணிக் கரையில் இப்போது பழம்பெருமைக்குப் பஞ்சமே இல்லை. ஆதிச்சநல்லூர் என்கிறார்கள், சிவகளை என்கிறார்கள், கொற்கை என்கிறார்கள். மேடைக்கு மேடை மாலை போட்டுக்கொண்டு, "உலகத்துக்கே மூத்த குடி நாம்" என்று முழங்குகிறார்கள். அந்த மேடையில் நிலச்சுவான்தாரும் உட்கார்ந்திருக்கிறார். கல்குவாரிக் குத்தகைதாரரும் உட்கார்ந்திருக்கிறார். மூத்த குடி என்பதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அந்த 'நாம்' என்ற சொல்லுக்குள் யார் யார் அடக்கம் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

"பழைய பாறையும் பானையும் நமக்கென்ன சோறா போடப் போகிறது? அதெல்லாம் படித்தவர்கள் பாடு" என்று ஆலைத் தொழிலாளித் தோழர்கள் சிலர் சொல்வதுண்டு. விவசாயத் தொழிலாளர் கூட்டங்களிலும் இதைக் கேட்டிருக்கிறேன். இது சரியான அபிப்பிராயமல்ல. கூலியைத் திருடினால் சம்பள நாளன்று தெரிந்துவிடுகிறது. சரித்திரத்தைத் திருடினால் நூறு தலைமுறைக்குத் தெரிவதில்லை.

பாளையங்கோட்டைக்கு வடகிழக்கே சீவலப்பேரி இருக்கிறது. சிற்றாறு வந்து தாமிரபரணியில் கலக்கிற இடம். அதன் பக்கத்தில் மருகால்தலை என்று ஓர் ஊர். அங்கே ஒரு குன்றில் இயற்கையாய் அமைந்த குகை. உள்ளே பாறையைச் செதுக்கிச் சமப்படுத்திய படுக்கைகள். இப்படிப்பட்ட படுக்கைகளைக் கண்டால் 'பஞ்ச பாண்டவர் படுக்கை' என்று சொல்லிவிடுவது நம் ஜனங்களின் வழக்கம். பாண்டவர்களுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. சமணத் துறவிகள் தங்குவதற்காக வெட்டப்பட்டவை அவை. பாறையில் ஒரு வரி எழுத்து இருக்கிறது. 1906-இல் சர்க்கார் கல்வெட்டுத் துறை அதைப் பதிவு செய்தது. அசோகன் காலத்துப் பிராமி எழுத்தைச் சேர்ந்த வகை அது. இந்த வகைக் குகை எழுத்துகளில் இருப்பது தமிழ்தான் என்று 1924-இல் எடுத்துக்காட்டியவர் கே.வி. சுப்பிரமணிய ஐயர். ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முந்திய தமிழ்!

அந்த வரி என்ன சொல்கிறது? வெண்காசிபன் என்பவன் கல் படுக்கையைச் செய்வித்தான் என்கிறது. நடுவே உள்ள வினைச்சொல்லைக் 'கொடுப்பித்த' என்று படிப்பாரும் உண்டு. 'கொட்டுவித்த', அதாவது உளியால் கொட்டச் செய்த, என்று படிப்பாரும் உண்டு. எப்படிப் படித்தாலும், காசிபன் உளியைத் தொடவில்லை. தொட்டவன் வேறொருவன். 'செய்தான்' என்பதற்கும் 'செய்வித்தான்' என்பதற்கும் நடுவே 'வி' என்று ஒரு சின்ன விகுதிதான் வித்தியாசம். பள்ளிக்கூடத்து இலக்கண வாத்தியார் அதைப் பிறவினை விகுதி என்பார். பிறர் செய்த வினை! பேர் மட்டும் இவனுடையது.

அந்தக் காலத்தில் முதலாளியும் இல்லை, ஆலையும் இல்லை. காசிபனை நான் ஆலை முதலாளி என்று சொல்லவில்லை. நல்ல மனிதனாகவே இருந்திருக்கலாம். ஆனால் செய்கிறவன் ஒருவன், செய்விக்கிறவன் ஒருவன் என்ற பிரிவினை 2,000 ஆண்டுகளுக்கு முன்பே நம் பாறையில் பொறிக்கப்பட்டுவிட்டது. விக்கிரமசிங்கபுரத்தில் ஹார்வி துரைமார்கள் ஆலை 'கட்டினார்கள்' என்று இன்றைக்கும் சொல்கிறோம். கட்டியவர்கள் யார், கட்டுவித்தவர்கள் யார்? தமிழ் இலக்கணம் நமக்குச் சாதகமாகவே இருக்கிறது. நாம்தான் அதை உபயோகிப்பதில்லை.

சரி, படுக்கையைக் கொட்டிய உளி எங்கிருந்து வந்தது?

நம் பக்கத்துக் கருங்கல் செம்பு உளிக்கு மசியாது. இரும்பு வேண்டும். இரும்பு தானாக வராது. கனிமக் கல்லைப் பொறுக்கிச் சேர்க்க ஆள் வேண்டும். காட்டில் மரம் வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்க ஆள் வேண்டும். மண் உலையின் பக்கத்தில் உட்கார்ந்து இரவும் பகலும் துருத்தி ஊத ஆள் வேண்டும். உலையிலிருந்து வருகிற கட்டியைக் காய்ச்சித் தட்டிக் கசடு நீக்கினால்தான் உளியாகும், கொழுவாகும், மண்வெட்டியாகும். இதோடு முடிந்ததா? கருங்கல்லில் நாலு நாழிகை வேலை செய்தால் உளி மழுங்கிப்போகும். கல்வேலை நடக்கிற இடத்தில் கொல்லுப்பட்டறையும் நடந்தாக வேண்டும். இத்தனை பேரும் வயலில் இறங்காதவர்கள். இவர்கள் சாப்பிடுகிற நெல்லை வேறு யாரோ விளைவிக்க வேண்டும். ஆக, ஒரு படுக்கைக்குப் பின்னால் ஒரு சமுதாயமே வேலை செய்திருக்கிறது.

ஆதிச்சநல்லூரும் சிவகளையும் சாட்சி சொல்வது இதற்குத்தான். ஆற்றின் தென்கரையில் ஆதிச்சநல்லூர்ப் பரம்பு 114 ஏக்கர். அத்தனையும் தாழிகள் புதைந்த மேடு. 1876-இல் பெர்லினிலிருந்து யாகோர் என்ற ஜெர்மானியர் வந்து தோண்டினார். அகப்பட்டதைப் பெர்லினுக்கு எடுத்துப்போனார். பிறகு 1899-லிருந்து சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ என்ற வெள்ளைக்கார அதிகாரி தோண்டினார். அவர் எடுத்தவை எழும்பூர் மியூசியத்துக்குப் போயின. தங்கப் பட்டம் கிடைத்ததைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். இரும்பில் வாளும் ஈட்டியும் கிடைத்ததோடு மண்வெட்டியும் கிடைத்ததே, அதைப் பேசுவார் இல்லை. செத்தவனோடு அவனுடைய மண்வெட்டியையும் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். அது அவனுக்கு எவ்வளவு பெரிய சொத்தாக இருந்திருக்க வேண்டும்!

இன்னொரு தற்செயலையும் சொல்லத் தோன்றுகிறது. மனிதக் குரங்கு மனிதனாக மாறியதில் உழைப்பு வகித்த பாத்திரத்தைப் பற்றி எங்கெல்ஸ் எழுதியதும் அதே 1876-இல்தான். கை உழைத்தது, உழைத்த கையால் மூளை வளர்ந்தது என்று அவர் எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டில், அதற்கு அத்தாட்சி நம் ஆற்றங்கரையில் வெளியே வந்துகொண்டிருந்தது. ஒருவருக்கொருவர் தெரியாது.

2004-05-இல் சத்தியமூர்த்தி தலைமையில் மத்திய தொல்லியல் துறை மறுபடியும் தோண்டியது. அப்போது கிடைத்த ஒரு பானைத் துண்டைப் பற்றி நடவுக்குப் போகும் தாய்மார்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அதில் மண்ணையே ஒட்டி உருவங்கள் செய்திருக்கிறார்கள். ஒரு பெண் நிற்கிறாள். பக்கத்தில் நெற்பயிர். மரத்தில் ஒரு கொக்கு, மான், முதலை. ராஜாவும் இல்லை, சாமியும் இல்லை. வயலும் வயலில் நிற்கிற பெண்ணுந்தான். அந்த அகழாய்வின் முழு அறிக்கை வெளிவரப் பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆயிற்று. அதற்கும் கோர்ட்டுப் படி ஏற வேண்டியிருந்தது. இது சர்க்காரின் லட்சணம்.

சிவகளையில் தாழிக்குள்ளிருந்து எடுத்த நெல்லைச் சோதித்து, கி.மு. 1155 என்று 2021-இல் அறிவித்தார்கள். 3,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட நெல். 2025 ஜனவரி 23-ஆம் தேதி தமிழக சர்க்கார் வெளியிட்ட இரும்பு பற்றிய அறிக்கை, சிவகளையின் இரும்புக் காலத்தைக் கி.மு. 3345 வரை கொண்டுபோகிறது. இவ்வளவு பழைமையா என்று அறிஞர்களிடையே வாதம் நடக்கிறது. நடக்கட்டும், வாதமில்லாமல் விஞ்ஞானம் இல்லை. நான் கவனித்தது வேறு. அறிக்கையையொட்டிப் பேசியவர்கள் எல்லோரும் 'தமிழன் இரும்பு கண்டான்' என்றார்கள். துருத்தி ஊதியவனுக்கு ஒரு வார்த்தை இல்லை. குழியில் இறங்கி மண்ணைக் கூடை கூடையாய்ச் சுமந்து வெளியே கொட்டிய கூலிக்காரப் பெண்களுக்கும் இல்லை.

உழைக்கிறவனுக்கு இது முடியாது என்கிற நினைப்பு நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. 1879-இல் ஸ்பெயின் தேசத்தில் அல்தமீரா என்ற குகையின் கூரையில் காட்டெருமைச் சித்திரங்களைக் கண்டார்கள். முதலில் அண்ணாந்து பார்த்தது ஒரு சின்னப் பெண். வேட்டையாடித் திரிந்த ஆதி மனிதனுக்கு இவ்வளவு அழகாய் வரைய வராது, இது மோசடி என்று பெரிய பண்டிதர்கள் தள்ளிவிட்டார்கள். நிஜம் என்று ஒப்புக்கொள்ள 1902 ஆயிற்று. நம் பக்கத்து வயநாட்டில் எடக்கல் குகைச் சுவரில், மிகப் பழங்காலத்து மக்கள் மனித உருவங்களையும் குறிகளையும் ஆழமாய்க் கீறி வைத்திருக்கிறார்கள். 1890-களில் பாசெட் என்ற போலீஸ் அதிகாரி அதை வெளியுலகுக்குத் தெரிவித்தார். ஊரில் சொல்கிற கதை என்ன? லவனும் குசனும் விட்ட அம்பால் உண்டான குகையாம். இங்கே பாண்டவர், அங்கே ராமர் பிள்ளைகள். உளி பிடித்தவனைத் தவிர வேறு யார் பேரை வேண்டுமானாலும் சொல்லலாம் போலிருக்கிறது!

இந்த வியாதி உச்சத்துக்குப் போன இடம் கழுகுமலை. ஆற்றுப் படுகையை விட்டு வடக்கே, கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் இருக்கிறது. 1986-இல் ஜில்லா பிரிகிற வரை நம் திருநெல்வேலி ஜில்லாதான். அந்த மலைக்கு அரைமலை என்று பழைய பேர். எட்டாம் நூற்றாண்டில், பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் காலத்தை ஒட்டி, அங்கே இரண்டு பெரிய வேலைகள் நடந்தன. ஒன்று, பாறை முகத்தில் வரிசை வரிசையாய்ச் செதுக்கிய சமணத் திருமேனிகள். இன்னொன்று, வெட்டுவான் கோயில்.

திருமேனிகளின் கீழே வட்டெழுத்தில் ஏறத்தாழ நூறு கல்வெட்டுகள் இருக்கின்றன. இன்னார் செய்வித்த திருமேனி என்று சின்னச் சின்ன வரிகள். கோட்டாறு, திருச்சாரணம், குறண்டி என்று பல ஊர்க்காரர்கள். குரத்தியர் என்ற பெண் ஆசிரியர்கள். 1,200 ஆண்டுகளுக்கு முன் பெண்கள் குருவாக இருந்திருக்கிறார்கள் என்பதைச் சங்கத்தில் இன்னும் பெண்களைப் பின்வரிசையில் உட்கார வைக்கிற தோழர்கள் குறித்துக்கொள்ளட்டும். தச்சர், கொல்லர், குயவர் போன்ற கைத்தொழிலாளர்களும் இருக்கிறார்கள். இவையும் செய்வித்தவர் பேர்கள்தான், வெட்டியவர் பேர்களல்ல. இருந்தாலும் ராஜாவின் பேரோடு தச்சன் பேரும் குயவன் பேரும் ஒரே பாறையில், ஒரே மாதிரி எழுத்தில் நிற்பது சாமானிய விஷயமல்ல. அதே மலையடிவாரத்தில் 1895-இல், எந்தச் சாதி எந்த வீதியில் ஊர்வலம் போவது என்ற சண்டையில் பல உயிர்கள் போயின. மேலே பாறையில் பக்கத்துப் பக்கத்தில் நின்ற மனிதர்களின் பேரப்பிள்ளைகள் கீழே தெருவில் வெட்டிக்கொண்டார்கள். மேலே ஏறிப் படித்துப் பார்த்தவன் ஒருவன் இருந்திருந்தால்!

வெட்டுவான் கோயில் கட்டிய கோயிலல்ல. மலையிலிருந்து வெட்டி எடுத்த கோயில். சுற்றிலும் பாறையைச் சுமார் 25 அடி ஆழத்துக்குக் குடைந்து நீக்கிவிட்டு, நடுவே விட்ட ஒற்றைக் கல்லைக் கோயிலாகச் செதுக்கியிருக்கிறார்கள். எல்லோராவில் கைலாசநாதர் கோயிலை இதே முறையில்தான் வெட்டினார்கள். அதுவும் ஏறக்குறைய இதே காலம். மேலேயிருந்து கீழே வரும் வேலை. சாரம் கட்ட வேண்டாம். ஆனால் தவறினால் திருத்த வழியில்லை. உச்சியில் விமானமும், மத்தளம் வாசிக்கிற தட்சிணாமூர்த்தியும், மற்றச் சிற்பங்களும் முடிந்திருக்கின்றன. அடிப்பாகம் முடியாமல் பாறையாகவே நிற்கிறது.

கல்லுடைக்கும் தொழிலாளி ஒருவரோடு நான் அங்கே போயிருந்தேன். வயதில் மூத்தவர், அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். சிற்பங்களை அவர் அதிகம் பார்க்கவில்லை. முடியாத அடிப்பாகத்தையே தடவித் தடவிப் பார்த்தார். "இங்க பாத்தியளா தோழர், இது ஒரு ஆளு கொத்து இல்ல. இந்தக் கொத்து பூராவும் இந்தப் பக்கம் சாஞ்சி விழுந்திருக்கு. அந்தா, அது அந்தப் பக்கம் சாஞ்சிருக்கு. இவன் ஓங்கி அடிக்கான். அவன் பதனமா அடிக்கான். ரெண்டு பேரும் எதிரும் புதிருமா உக்காந்து வேலை பாத்திருக்காங்க" என்றார். முடிந்த சிற்பத்தில் உளித்தடம் தேய்ந்து மறைந்துவிடும். முடியாத இடத்தில்தான் தொழிலாளி தெரிகிறான். அன்றைக்கு அண்ணாச்சி எனக்குப் படித்துக் காட்டிய கல்வெட்டு எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஆனால் ஊரில் சொல்கிற கதை என்ன? தகப்பன் ஒரு பக்கம் செதுக்கினானாம், மகன் இன்னொரு பக்கம் செதுக்கினானாம். மகன் வேலை தன் வேலையை மிஞ்சிவிடும் என்று பொறாமைப்பட்டுத் தகப்பனே மகனை வெட்டிவிட்டானாம். அதனால் வெட்டுவான் கோயிலாம். இந்தக் கதையை நான் நம்புவதில்லை, நீங்களும் நம்பாதீர்கள். கதை யாருக்கு உபயோகம் என்று யோசித்துப் பாருங்கள். வேலை நின்றுபோனால் பழி யார்மேல்? கூலி கொடுக்க வேண்டியவன்மேல் அல்ல, வேலை சொன்னவன்மேல் அல்ல, தொழிலாளியின் பொறாமையின்மேல். ஆலையை இழுத்து மூடுகிற முதலாளியும் 'தொழிலாளிகளுக்குள்ளே சச்சரவு' என்றுதானே அறிக்கை விடுகிறான்? வெட்டுவான் என்றால் வெட்டுகிறவன், கல் வெட்டுகிறவன். ராஜா பேரில் இல்லாமல், ஊர் பேரில் இல்லாமல், தொழிலாளி பேரில் வழங்குகிற கோயில் அது. 'வி' என்ற அந்த விகுதி ஏறாத ஒரு பேர்! ஜனங்களின் வாய் அதை ஆயிரம் ஆண்டுக்கு மேல் காப்பாற்றி வந்திருக்கிறது. அதையும் கொலைகாரன் பேராக்கிவிடப் பார்க்கிறது இந்தக் கதை.

இவ்வளவும் சொன்ன பிறகு இன்றைய கல்வேலையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. வெட்டுவானின் வாரிசுகள் இப்போது குவாரிப் பள்ளத்தில் இருக்கிறார்கள். 2022 மே 14-ஆம் தேதி இரவு, முன்னீர்பள்ளம் பக்கத்தில் அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்தது. உள்ளே சிக்கியவர்கள் ஆறு பேர். பிழைத்தவர்கள் இரண்டு பேர். நடுராத்திரியில், அவ்வளவு ஆழத்தில், எந்தப் பாதுகாப்பை நம்பி அவர்களை இறக்கினார்கள்? பழைய வெட்டுவான் மேலேயிருந்து கீழே வந்தான். தலைக்கு மேலே பாறை தொங்க அவன் வேலை செய்யவில்லை. 1,200 ஆண்டு முன்னேற்றம் தொழிலாளியின் தலைக்கு மேலே பாறையைத் தொங்கவிடத்தானா?

நம் ஜில்லாக் குன்றுகள் ஒவ்வொன்றாய்ச் ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் லாரியேறுகின்றன. துறையின் பாதுகாப்பில் உள்ள குன்றுக்குப் போர்டு இருக்கிறது. யாரும் ஏறிப் பார்க்காத குன்றில் ஒரு படுக்கையோ, ஒரு வரி எழுத்தோ இருந்து அது வெடியில் போனால், போனதென்றே தெரியப்போவதில்லை. ரெட்டியார்பட்டி மலையில் பொருநை பேரில் அருங்காட்சியகம் எழுப்பியிருக்கிறார்கள், நல்லது, வரவேற்கிறோம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பானையை மட்டும் காப்பாற்றிவிட்டு, பானை வனைந்தவனின் மலையை ஏலம் விடுவதை வரவேற்க முடியாது.

"குவாரியை மூடினால் கல்லுடைக்கிறவன் எங்கே போவான்?" என்று குத்தகைதாரர் கேட்பார். தொழிலாளியின்மேல் அவருக்கு அப்போதுதான் கருணை பிறக்கும். ஆனாலும் இது நாமும் பதில் சொல்ல வேண்டிய கேள்விதான். குவாரித் தொழிலாளி நம் வர்க்கம், அவனைப் பகைத்துக்கொண்டு எந்த மலையையும் காப்பாற்ற முடியாது. வீடு கட்டக் கல் வேண்டும். கல் எங்கே எடுக்கலாம், எவ்வளவு ஆழம் போகலாம், எந்தக் குன்றைத் தொடக்கூடாது என்று முதலில் அளந்து முடிவு செய்யட்டும். தொடக்கூடாத குன்றில் வேலை இழக்கிறவனுக்கு அந்தக் குன்றின் காவலிலும் பராமரிப்பிலும் நிரந்தர வேலை கொடுக்கட்டும். கல்லின் மொழி அவனைவிட யாருக்குத் தெரியும்?

முடியுமா என்று கேட்பவர்களுக்கு மதுரைப் பக்கத்து அரிட்டாபட்டியைக் காட்டலாம். அங்கேயும் பிராமி எழுத்துள்ள குகை உண்டு, சமணச் சிற்பம் உண்டு, பாண்டியர் குடைவரை உண்டு. அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஏறத்தாழ 5,000 ஏக்கரை டங்ஸ்டன் சுரங்கத்துக்கென்று 2024 நவம்பரில் இந்துஸ்தான் ஜிங்க் கம்பெனிக்கு ஏலத்தில் விட்டது மத்திய சர்க்கார். ஊர் ஊராய்க் கிராம சபையில் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9-இல் சட்டசபையும் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7-ஆம் தேதி விவசாயிகளும் பெண்களுமாய் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு நடந்தே போனார்கள். ஜனவரி 23-இல் ஏலம் ரத்தாயிற்று. சென்னையில் சிவகளை இரும்பின் அறிக்கை வெளியானதும் அதே நாள்தான்.

மே முதல் தேதி எல்லாப் பஞ்சாயத்திலும் கிராம சபை கூடும். அன்று நமக்கு ஊர்வலமும் கொடியேற்றமும் உண்டு. அதை முடித்துக்கொண்டு கிராம சபைக்கும் போங்கள். அதற்கு முன் ஒரு நாள், கல் தெரிந்த ஒரு தோழரைக் கூட்டிக்கொண்டு உங்கள் ஊர்க் குன்றில் ஏறிப் பாருங்கள். படுக்கையோ, எழுத்தோ, உளித்தடமோ தென்பட்டால் சுண்ணாம்பு, பெயிண்டு எதுவும் பூசாமல் அப்படியே விட்டுவிட்டு, இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தீர்மானத்தில் 'ஊருக்கு மேற்கே உள்ள குன்று' என்று எழுதினால் அதிகாரிகள் வேறொரு குன்றைக் காட்டித் தப்பித்துவிடுவார்கள். சர்வே நம்பரை எழுத வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேடு இருக்கும். கேட்டு வாங்கிப் பாருங்கள், அதில் நம்பர் இருக்கிறது.